வீட்டில் செய்த ஆம்ப்ளிஃபயருக்குக் கேபினட்: பெட்டி தேர்விலிருந்து மூடி மாட்டும் வரை

மேஜை மேல் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் பரப்பி வைத்து முதல் பாட்டைக் கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அருமையாகப் பாடும். அதே சாமான்களைக் கேபினட்டுக்குள் போட்டு மூடியதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அரை மணி நேரத்தில் மூடி சுடும். பெட்டியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று இருக்கும். சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டரைக்கூட மாற்றியிருக்க மாட்டோம். மாறியது பெட்டி மட்டும்தான்.

என்னைக் கேட்டால் கேபினட்டும் சர்க்யூட்டில் ஒரு பாகம். சூட்டை வெளியே தள்ளுவது, அந்த ‘ம்ம்ம்’ இரைச்சலை, அதாவது ஹம்மை அடக்குவது, கரண்ட் கைக்கு வராமல் காப்பது மூன்றுமே அதன் பொறுப்பு. அதனால் அதைக் கடைசியில் தேடக் கூடாது. மற்ற சாமான்கள் கைக்கு வந்ததும், ஒரு துளைகூடப் போடுவதற்கு முன், பெட்டியைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

பேசுவதற்கு ஒரு திட்டமான உதாரணம் வேண்டும். எல்எம்3886 ஐசி இரண்டு வைத்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்கிறேன். 18-0-18 வோல்ட், 160 விஏ டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர். 8 ஓம் ஸ்பீக்கர். சேனலுக்கு 25 வாட் அளவு. ஹாலில் பாட்டுக் கேட்க இது தாராளம். நீங்கள் டிடிஏ7294 அல்லது டிடிஏ2030 போர்டு வைத்திருந்தாலும் முறை இதேதான், எண்கள்தான் மாறும்.

முதலில் அளவு

சாமான்களை மேஜையில் வைத்து ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். நீளம் அகலத்தை எல்லோரும் பார்ப்பார்கள், மாட்டிக்கொள்வது உயரத்தில்தான். என்னிடம் இருந்த டொராய்டின் விட்டம் 108 மி.மீ., உயரம் 46 மி.மீ. மேலும் கீழும் ரப்பர் வாஷர், மேலே இரும்புத் தட்டு, போல்ட் தலை எல்லாம் சேர்த்தால் 60-ஐத் தொடும். 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர் 50 மி.மீ. உயரம், போர்டைத் தூக்கி நிறுத்தும் ஸ்பேசர் 10 மி.மீ., போர்டின் தடிமன் வேறு. இவற்றுக்கு மேல் குறைந்தது 15 மி.மீ. காற்றிடம் விட வேண்டும். ஆக, உள் உயரம் 80 மி.மீ. இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பழைய டிவிடி பிளேயர் பெட்டி கைவசம் இருக்கிறது என்று ஆசைப்படுபவர்கள் அநேகமாகத் தோற்பது இங்கேதான்.

அகலத்துக்கும் ஆழத்துக்கும் நான் வைத்த அளவு 320-க்கு 250 மி.மீ. சாமான்களை மட்டும் நெருக்கி அடுக்கினால் இதில் பாதி போதும். மீதிப் பாதி, டிரான்ஸ்ஃபார்மருக்கும் இன்புட் ஒயருக்கும் நடுவே விடும் வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் ஹம்முக்கு முதல் மருந்து.

சூட்டுக் கணக்கு

ஐசியின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும், பற்கள் வைத்த உலோகத் துண்டுதான் ஹீட்சிங்க். அது எவ்வளவு பெரிது என்பது பெட்டியைத் தீர்மானிக்கும். கணக்கு எளிது. பிளஸ், மைனஸ் இரண்டும் சேர்ந்த மொத்த வோல்ட்டை வர்க்கமாக்குங்கள். அதை 20-ஆலும் ஸ்பீக்கர் ஓமாலும் வகுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் 18 வோல்ட் ஏசி, டிசியாக மாறும்போது ஏறக்குறைய 25 ஆகும். ஆக, நம்முடைய சப்ளை பிளஸ் 25, மைனஸ் 25, மொத்தம் 50. 2500-ஐ 160-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16 வாட். ஐசி சும்மா இருக்கும்போதே 50 மில்லிஆம்பியர் இழுக்கும், அதற்கு 2.5 வாட். ஒரு சேனலுக்கு மோசமான நேரத்தில் 18.5 வாட் சூடு, இரண்டுக்கும் 37 வாட். இதே சப்ளையில் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் அந்த 16 வாட் 32 ஆகிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் அறை வெப்பம் 25 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மாடி வீட்டு ஹாலுக்கு 40 என்று வைப்பதுதான் நியாயம். ஹீட்சிங்க் 75 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்றால் நமக்குக் கிடைக்கும் இடைவெளி 35 டிகிரி. 35-ஐ 37-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 0.95 டிகிரி. கடையில் ஹீட்சிங்க் கேட்கும்போது இந்த எண்ணை, அல்லது இதற்குக் குறைவானதைக் கேளுங்கள். பாட்டு எப்போதும் முழு வேகத்தில் ஓடுவதில்லை, அதனால் நடைமுறையில் இவ்வளவு சூடாகாது. ஆனாலும் நான் குறைக்க மாட்டேன். ஹீட்சிங்க் பெரிதாகிப் போனதால் கெட்ட ஆம்ப்ளிஃபயரை இதுவரை பார்த்ததில்லை.

பற்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். சூடான காற்று மேலே ஏறும், கீழிருந்து புதுக் காற்று வரும். பற்களைப் படுக்க வைத்தால் இந்த ஓட்டம் தடைபட்டுவிடும். முடிந்தால் ஹீட்சிங்கையே பெட்டியின் பக்கச் சுவராக வைத்துப் பற்களை வெளியே நீட்டிவிடுங்கள். உள்ளே வைக்கத்தான் வேண்டும் என்றால் அதன் நேர் கீழே அடித்தட்டிலும் நேர் மேலே மூடியிலும் துளை வரிசை வேண்டும், பெட்டிக்கு 15 மி.மீ. உயரமான ரப்பர் கால் வேண்டும். துளை 4 மி.மீ.க்கு மேல் வேண்டாம். உள்பக்கம் கொசுவலைக் கம்பியும் ஒட்டிவிடுங்கள். கதகதப்பான இடத்தைத் தேடி வரும் பல்லிக்குட்டி சப்ளை போர்டில் ஏறினால் அதுவும் போகும், போர்டும் போகும்.

எந்தப் பெட்டி

அலுமினியம் என் முதல் தேர்வு. வீட்டு ட்ரில்லும் அரமும் போதும், துரு பிடிக்காது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயம். அடித்தட்டு 2 மி.மீ. இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் எடைக்கு வளையாது; முன்பக்கம் 4 மி.மீ. இருந்தால் வால்யூம் திருகும்போது கைக்கு உறுதியாக இருக்கும்.

இரும்புத் தகரம் மலிவு. 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தை அலுமினியம் தடுக்காது, இரும்பு ஓரளவு தடுக்கும். டொராய்டு கிடைக்காமல் சாதாரண ஈஐ கோர் (சதுரக் கட்டை வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் வைப்பவர்கள் நடுவே ஓர் இரும்புத் தடுப்பு வைத்தால் பலன் தெரியும். ஆனால் இரும்பு மூடி டிரான்ஸ்ஃபார்மருக்கு மிக அருகில் இருந்தால் மூடியே அதிர்ந்து முனகும். பழைய யுபிஎஸ் பெட்டி நல்ல தடித்த இரும்பு. பெயின்ட் அடித்துப் பயன்படுத்தலாம்.

பிளைவுட், எம்டிஎஃப் பெட்டி நம் ஊரில் நிறையப் பேர் செய்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் 230 வோல்ட் ஓடும் பகுதியை வெறும் மரத்துக்குள் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். மரம் எரியும், எர்த் ஆகாது, வெளி இரைச்சலைத் தடுக்காது. மரம்தான் வேண்டும் என்றால் உள்ளே முழு அலுமினியத் தட்டு ஒன்றை அமைத்து எல்லாவற்றையும் அதில் மாட்டுங்கள். மரம் வெளி அலங்காரமாக மட்டும் இருக்கட்டும்.

ரெடிமேட் பெட்டிக்குச் சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதன் சந்துகளும் போதும். போகும்போது டிரான்ஸ்ஃபார்மரைப் பையில் எடுத்துப் போய், கடையிலேயே உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். லேசர் கட்டிங் பட்டறையில் புதிதாகச் செய்வது இப்போது முன்புபோல் எட்டாத விலையில் இல்லை. என் வரைபடத்தைப் பார்த்த பட்டறை அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “வளைக்கிற கோட்டுக்கு இவ்வளவு பக்கத்துல ஓட்டை வெச்சிருக்கீங்களே தம்பி, வளைக்கும்போது கோணிக்காதா?” அவர் சொன்னது சரி. வளைவுக்கோட்டிலிருந்து தகட்டின் தடிமனைப்போல் மூன்று மடங்காவது தள்ளியே துளை வர வேண்டும்.

அட்டையில் ஓர் ஒத்திகை

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். பெட்டியின் உள்ளளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, அதன்மேல் நிஜ சாமான்களை வையுங்கள். பவர் சாக்கெட் பின்பக்க இடது ஓரம். டிரான்ஸ்ஃபார்மர் இடது பக்கம், முன்னால். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரும் கெப்பாசிட்டரும் நடுவில். ஆம்ப்ளிஃபயர் போர்டு வலது பக்க ஹீட்சிங்கில். இன்புட் ஆர்சிஏ சாக்கெட் பின்பக்க வலது ஓரம். கரண்ட் இடதிலிருந்து உள்ளே வரும், பாட்டு வலதிலிருந்து உள்ளே வரும். இரண்டும் நடுவில் கெப்பாசிட்டரிடம்தான் சந்திக்க வேண்டும்.

சிக்கல் வால்யூம் கன்ட்ரோலில் வரும். அது முன்பக்கம் இருக்க வேண்டும், இன்புட் பின்பக்கம் இருக்கிறது. ஒயரைப் பெட்டி முழுக்க இழுக்கும்போது அது டிரான்ஸ்ஃபார்மர் பக்கமே போகாமல் வலது சுவரை ஒட்டிப் போகட்டும், ஷீல்டு ஒயராகவும் இருக்கட்டும். இன்னும் நல்ல வழி, வால்யூம் கன்ட்ரோலையே இன்புட் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் பொருத்தி, 6 மி.மீ. கம்பியும் இணைப்பியும் வைத்து அதன் தண்டை முன்பக்கம் வரை நீட்டுவது. கூடுதலாக ஒரு மணி நேர வேலை. சத்தமில்லாத பின்னணி கிடைக்கும்.

எல்லாம் வைத்த பிறகு ஒவ்வொரு திருகையும் முடுக்க ஸ்க்ரூடிரைவர் நேராக இறங்குமா, ஃபியூஸை மாற்ற விரல் போகுமா என்று பாருங்கள். திருப்தியானதும் அட்டையில் துளைகளைக் குறித்து, அந்த அட்டையையே தகட்டில் ஒட்டிவிடுங்கள்.

துளை போடுதல்

குறியின்மேல் சென்டர் பஞ்ச் வைத்து ஒரே அடி. பிறகு 2 மி.மீ. பிட்டால் வழித்துளை, அதன்பின் தேவையான அளவு. எம்3 திருகு தாராளமாக நுழைய 3.2 மி.மீ.; ஹீட்சிங்கில் மரை போடுவதென்றால் எம்3-க்கு 2.5, எம்4-க்கு 3.3. அலுமினியத்தில் மரை போடும்போது இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று போக வேண்டும். சிக்கியதைப் பலமாகத் திருகினால் மரை வெட்டும் கருவியான டேப் உள்ளேயே முறிந்துவிடும். அதை வெளியே எடுப்பதைவிட வேறு இடத்தில் துளை போடுவது சுலபம்.

சதுரத் துளைக்கு நான்கு மூலையிலும் துளை போட்டு, ஓரத்தைச் சிறு துளைகளாகக் கோத்து, நடுப்பகுதியைத் தட்டி எடுத்து அரத்தால் ராவுங்கள். பவர் சாக்கெட்டின் அளவை இணையத்தில் பார்த்து வெட்டாமல், கையில் இருக்கும் சாக்கெட்டை அளந்து வெட்டுங்கள். எல்லாத் துளைக்கும் இருபுறமும் பெரிய பிட்டைக் கையால் சுழற்றிப் பிசிரை எடுத்துவிடுங்கள். போர்டு உள்ளே இருக்கும்போது ட்ரில்லைத் தொடவே கூடாது. அலுமினியச் சீவல் ஒன்று ஐசியின் கால்களுக்கிடையில் போய் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

டிரான்ஸ்ஃபார்மரை உட்கார வைத்தல்

டொராய்டின் நடுவே ஒரு போல்ட் போகும். அதன் கீழ்முனை அடித்தட்டைத் தொடும், அது சரி. மேல்முனை மூடியையோ மூடியோடு சேர்ந்த எந்த உலோகத்தையோ தொடவே கூடாது. தொட்டால் போல்ட், மூடி, பக்கச்சுவர், அடித்தட்டு நான்கும் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிய ஒரு சுற்றுக் கம்பியாகிவிடும். ஷார்ட் ஆன ஒரு சுற்று. அதில் பெரும் கரண்ட் ஓடி ஃபியூஸ் போகும், ஃபியூஸ் சரியில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரே எரியும். மூடிக்கும் போல்ட் தலைக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மூடியை யாராவது கையூன்றி அழுத்தினாலும் தொடாத அளவு வேண்டும்.

போல்ட்டை இப்போதைக்கு லேசாக மட்டும் முடுக்குங்கள். டொராய்டின் புலம் எல்லாப் பக்கமும் சமமாக இருக்காது. ஒயர்கள் வெளிவரும் பக்கத்தில் பொதுவாகக் கூடுதல். அதைச் சுழற்றிப் பார்க்கும் வேலை கடைசியில் இருக்கிறது.

ஐசியும் மைக்காவும்

எல்எம்3886-இல் இரண்டு வகை உண்டு. எண்ணின் முடிவில் ‘டி’ மட்டும் இருந்தால் அதன் முதுகு வெறும் உலோகம். அந்த உலோகம் மைனஸ் சப்ளையோடு உள்ளேயே இணைந்தது. ‘டிஎஃப்’ என்றிருந்தால் முதுகும் பிளாஸ்டிக்; மைக்கா, அதாவது கரண்டைத் தடுத்துச் சூட்டை விடும் மெல்லிய காப்புத் தகடு, தேவையில்லை, ஆனால் சூடு கடத்துவது சற்றுக் குறைவு. டிடிஏ7294, டிடிஏ2030 இரண்டின் முதுகும் மைனஸ்தான். ஹீட்சிங்க் எர்த் ஆன பெட்டியோடு சேர்ந்திருக்கும். நடுவே காப்பு இல்லாமல் மாட்டினால் முதல் சுவிட்சிலேயே சப்ளை ஷார்ட்.

மைக்காவின் இரு பக்கமும் ஹீட்சிங்க் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவுங்கள், மைக்கா கண்ணாடிபோல் தெரியும் அளவுக்கு. அதிகம் தடவினால் நன்றாகக் குளிரும் என்று நினைக்க வேண்டாம். பேஸ்ட்டின் வேலை நுண்ணிய பள்ளங்களை நிரப்புவது மட்டும். திருகு ஐசியின் உலோகத்தைத் தொடாதபடி அதற்குப் பிளாஸ்டிக் புஷ் (குழல் வாஷர்) போடுங்கள். போர்டை ஸ்பேசரில் பொருத்தி, ஐசியை ஹீட்சிங்கில் முடுக்கி, அதற்குப் பிறகு கால்களைச் சால்டர் செய்வதுதான் சரியான வரிசை. மாற்றிச் செய்தால் கால்கள் இழுபட்டு நின்று, சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் சால்டர் விரிசல் விடும்.

இப்போது மல்டிமீட்டரை எடுங்கள். ஒரு முனை ஐசி முதுகில், மறுமுனை ஹீட்சிங்கில். ஹீட்சிங்கில் வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கறுப்பு அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பூச்சின்மேல் வைத்துப் பார்த்து ‘பீப் வரவில்லை, நல்லது’ என்று நம்பிவிடக் கூடாது. மரை போட்ட துளையின் உள்ளே, பளபளக்கும் உலோகத்தில் முனையைக் குத்திப் பாருங்கள். அங்கேயும் பீப் வரக் கூடாது. வந்தால் கழற்றி மைக்காவை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஒரு பிசிர் குத்திய ஊசிமுனைத் துளை அநேகமாகத் தெரியும்.

எர்த்

மூன்று முள் பிளக், மூன்று இழை ஒயர். இதில் சமரசமே கிடையாது. பச்சை-மஞ்சள் ஒயர் சாக்கெட்டிலிருந்து நேராகப் பெட்டிக்கு வர வேண்டும். சுவிட்ச், ஃபியூஸ் எதுவும் நடுவில் கூடாது. இதற்கென்று தனியாக எம்4 போல்ட் ஒன்று போடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டோடு சேர்க்காதீர்கள். போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டை, பூச்சைச் சுரண்டி வெள்ளை உலோகம் தெரிய வையுங்கள். லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), பல் வைத்த வாஷர், நட்டு, அதன்மேல் இன்னொரு நட்டு. இறுக்கிவிட்டு ஒருமுறை கழற்றிப் பாருங்கள்: வாஷரின் பற்கள் உலோகத்தில் வட்டமாகப் பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் இன்னும் சுரண்டுங்கள். எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விட்டால், யாராவது கார்டைப் பிடித்து இழுத்தாலும் கடைசியில் அறுவது அதுவாக இருக்கும்.

மூடி, முன்பலகை, ஹீட்சிங்க் எல்லாம் தனித்தனித் துண்டுகள். நடுவே பூச்சு இருந்தால் ஒன்றோடொன்று சேர்ந்திருக்காது. ஒவ்வொன்றையும் பிளக்கின் எர்த் முள்ளோடு மல்டிமீட்டரில் பாருங்கள். சேராததற்கு உள்ளே சிறு ஒயர் போட்டு இணையுங்கள். அப்புறம், வீட்டு சாக்கெட்டில் எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஃபேஸ் ஒயரில் ஃபியூஸ். 160 விஏ டொராய்டுக்கு 1.6 ஆம்பியர் ஸ்லோ வகை. டொராய்டு சுவிட்ச் போட்ட கணத்தில் நிறைய இழுப்பதால் சாதாரண ஃபியூஸ் வீணாகப் போய்க்கொண்டே இருக்கும். 230 வோல்ட் ஓடும் ஒவ்வொரு முனைக்கும் ஸ்லீவ் போடுங்கள்.

ஆடியோ கிரவுண்ட்

ஆடியோ கிரவுண்ட் என்பது சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் இணைப்பு; பெட்டியின் எர்த் வேறு. இரண்டு கெப்பாசிட்டர்களும் சேரும் நடுமுனையிலிருந்து ஒரு தடித்த ஒயர் எடுத்து, ஒரு புள்ளியில் முடியுங்கள். ஸ்பீக்கர் ரிட்டர்ன், போர்டு கிரவுண்ட், இன்புட் கிரவுண்ட் எல்லாம் அந்தப் புள்ளிக்குத் தனித்தனியாக வரட்டும். கெப்பாசிட்டர் நடுமுனையிலேயே எல்லாவற்றையும் சேர்த்தால் சார்ஜிங் கரண்டின் துடிப்பு பாட்டில் கலந்து ‘ஜ்ஜ்ஜ்’ என்று கேட்கும். ஆர்சிஏ சாக்கெட்டும் ஸ்பீக்கர் டெர்மினலும் பிளாஸ்டிக் வாஷர் போட்டுப் பெட்டியிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

அந்தப் புள்ளியை எர்த் போல்ட்டோடு 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இணையுங்கள். அதற்கு இணையாக 35 ஆம்பியர் பிரிட்ஜ் (நான்கு டயோடு சேர்ந்த ரெக்டிஃபயர்) ஒன்று: பிளஸ், மைனஸ் கால்களைச் சேர்த்துவிட்டு, ஏசி கால்கள் இரண்டையும் ரெசிஸ்டரின் இரு முனையில் கொடுங்கள். டிவி, கம்ப்யூட்டரோடு இணைக்கும்போது இரண்டு கருவிகளின் கிரவுண்டும் வளையமாகச் சேர்வதால் வரும் கிரவுண்ட் லூப் ஹம் இதில் அடங்கும்; ஏதாவது பழுதாகிக் கரண்ட் ஏறினால் பிரிட்ஜ் அதை எர்த்துக்குத் தள்ளிவிடும். பெட்டிக்கு வரும் எர்த் ஒயரில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. அது எப்போதும் நேரடி இணைப்பு.

முதல் சுவிட்ச்

60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸில் சீரிஸாகப் போட்டு ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் வேண்டாம். பல்பு பளிச்சென்று எரிந்து சில நொடியில் மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். உடனே நிறுத்தி, பிளக்கை உருவி, கெப்பாசிட்டரை 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் வடித்துவிட்டுத் தேடுங்கள். மங்கினால் சப்ளை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா பாருங்கள், ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரி என்றால் பல்பை எடுத்துவிட்டு, பெரிதாக மதிப்பில்லாத பழைய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டுங்கள்.

இன்புட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேளுங்கள். தாழ்வான, வழுவழுப்பான ‘ம்ம்ம்’ என்றால் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மரின் புலம் ஏறுகிறது. கரகரப்பான ‘ஜ்ஜ்ஜ்’ என்றால் 100 ஹெர்ட்ஸ், கிரவுண்ட் ஒயரில் கோளாறு. என் முதல் பெட்டியில் வந்தது ‘ம்ம்ம்’. போல்ட்டைத் தளர்த்தி டொராய்டைக் கால் வட்டம் திருப்பினேன், ஒயர்கள் முன்பலகையைப் பார்க்கும்படி. ஸ்பீக்கரில் காது ஒட்டினால்தான் கேட்கும் அளவுக்கு இறங்கிவிட்டது. ஒவ்வொரு முறை திருப்பும் முன்னும் பிளக்கை உருவிவிடுங்கள். சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போல்ட்டை இறுக்குங்கள்.

மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் பாட்டு ஓட விடுங்கள். ஹீட்சிங்கில் உள்ளங்கையை ஐந்து நொடி வைக்க முடிந்தால் 55 டிகிரிக்குள் இருக்கிறது, கவலையில்லை. உடனே கையை எடுக்க வேண்டியிருந்தால் மூடியில் துளை போதவில்லை, அல்லது ஹீட்சிங்க் போதவில்லை.

பத்து நாள் கழித்து, பிளக்கை உருவிவிட்டு ஒருமுறை திறங்கள். சூடாகி ஆறியதில் ஐசி திருகுகள் கொஞ்சம் இளகியிருக்கும். அவற்றை முடுக்கி, எர்த் நட்டையும் சாவியில் ஒருமுறை சோதித்துவிட்டு மூடுங்கள்.